மணலுக்குள் கிடக்கும் வள்ளம்

எங்கள் வீட்டு வாசலிலிருந்து கடல் பக்கமாக வெறுங்காலோடு போனால், மணலுக்கடியில் பலகை தட்டுப்படும். புதிதாய் வருகிறவர்கள் திடுக்கிட்டுக் காலை எடுப்பார்கள். எனக்குப் பழகிவிட்டது. அது மாமாவின் வள்ளம். என் கணவரின் தகப்பனை நான் மாமா என்றுதான் கூப்பிட்டேன்.

சண்டை முடிந்து, எங்கள் ஆலங்குடாக் கடலில் வெள்ளைக்காரர்கள் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு அலைமேல் சறுக்கிப் பறக்கத் தொடங்கியிருந்த காலம். மாமா கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் ஒப்பரேஷன் செய்து உள்ளே கம்பி வைத்தார்கள். வோக்கர் பிடித்து நடக்கவும் பழக்கினார்கள். வார்டின் சீமெந்துத் தரையில் அவர் நடந்த நடைக்குக் கலியாண மாப்பிள்ளை தோற்றுப்போவான். இந்த வயதில் இன்னொரு தரம் விழுவதுதான் ஆபத்து, கவனமாகப் பாருங்கள் என்று டொக்டர் சொன்னார். நானும் பெரிதாகத் தலையாட்டினேன்.

வீட்டைச் சுற்றி எங்கள் வளவு முழுக்க மணல் என்பது டொக்டருக்குத் தெரியாது. எங்களுக்கோ அது நினைவிலேயே வரவில்லை. பிறந்ததிலிருந்து மிதிக்கிற மணலை யார் நினைக்கிறார்கள்? வீட்டுக்கு வந்த கிழமையே, கக்கூசுக்குப் போகும் வழியில் வோக்கரின் ஒரு கால் புதைந்து மாமா விழுந்தார். தையல் பிரிந்தது. மறுபடி வாடகை வான், மறுபடி அதே வார்ட். வீட்டில் பார்க்க ஆளில்லையா என்று தாதி கேட்டபோது எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாய் வந்தன. என் கணவர் கடலுக்குப் போகாமல் மாமாவின் கட்டிலடியிலேயே கிடந்தார். எங்கள் வீட்டு அடுப்பு அயலவர் தயவில் எரிந்தது. காய்ச்சலில் கண்ணை மூடியபடி மாமா என்னிடம் சொன்னார்:

"மூண்டாந்தரம் இங்க வந்தா நான் திரும்ப மாட்டன், மகள்."

கையில் எதுவும் மிஞ்சாத அந்த நேரத்தில்தான் இவர் மெல்ல வள்ளத்தின் கதையை எடுத்தார். தென்னைகளுக்குக் கீழே கவிழ்ந்து கிடந்த பழைய மரவள்ளம். என்றாவது அதைக் கடலில் தள்ளுவேன் என்று மாமா நம்பிக்கொண்டிருந்தார். வாசலில் அழகுக்கு வைக்க ஒரு ஹோட்டல்காரர் அதை விலைக்குக் கேட்டிருந்தார். மாமா கையை அசைத்து மறுத்தார்.

"வித்த காசு வான்காரனுக்குத்தான் போகும். உடைச்சு மணல்ல போடு. நான் அதுக்கு மேல நடப்பன்."

ஆணி கழற்றும்போது இவர் அழுதார். நானும் அழுதேன். வளைந்த பலகைகளைத் துண்டு துண்டாய் அறுத்து மணலில் பதித்தோம். கக்கூசுக்கு ஒரு வழி. மிச்சத்தில் கடலை நோக்கி ஒரு வழி. நீலப் பெயின்ற் அங்கங்கே அப்படியே இருந்தது. காற்று இரவெல்லாம் மூடிய மணலை நான் காலையில் கூட்டித் தள்ளுவேன். பின்னேரம் வோக்கர் பலகையில் டக், டக்கென்று தட்ட மாமா வருவார். கண் பாதி மூடியிருக்கும். அவர் நடக்கிறாரா, வள்ளத்தில் போகிறாரா என்று எனக்கே சில நேரம் சந்தேகம் வரும். வள்ளத்தின் முன்பக்கமான அணியத்துப் பலகையைக் கடைசியில்தான் போட வேண்டும் என்பது அவர் கட்டளை. அதில் நின்று காற்றை முகர்வார். பலகை முடிந்த இடத்திலிருந்து கடல் இன்னும் தூரத்தில் இருந்தது.

"இவ்வளவு காணும், மகள். மிச்சத்துக்கு அது வரட்டும்" என்பார்.

மாமா அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிக்குப் போகவேயில்லை. சில வருடங்கள் அப்படியே நடந்து, தன் கட்டிலில், அலைச் சத்தம் கேட்கக் கேட்கக் கண்ணை மூடினார். அதோடு நானும் மணலைக் கூட்டுவதை விட்டுவிட்டேன்.

இப்போது எங்கள் கரை வருடத்துக்கு வருடம் அரிபட்டுக்கொண்டு வருகிறது. வீட்டை நினைத்தால் பயமாகத்தான் இருக்கிறது. நேற்றுப் பின்னேரம் வெறுங்காலோடு பலகைகளைத் தடவித் தடவிக் கடைசிவரை போனேன். அணியத்துப் பலகை நனைந்திருந்தது.