வாணாம் என்ற சொல்

ஒரு கூட்டத்தின் தலைவன், அதில் கடைசியாக வந்து சேர்ந்தவரின் ஒற்றைச் சொல்லுக்கு எவ்வளவு தூரம் கட்டுப்படலாம்? ஜவ்வாது மலையில் புளி உலுக்கும் ஆட்களுக்கு மேஸ்திரியாக இருந்த அர்ச்சுனனை நினைக்கும்போதெல்லாம் இந்தக் கேள்விதான் வந்து நிற்கும். தலைமையைப் பற்றி நான் படித்தது நிறைய, நம்பியது குறைவு. பெரிய மனிதர் என்று கேள்விப்பட்டவர்கள் கிட்டப்போய்ப் பார்த்தால் கொஞ்சம் சிறுத்துத்தான் தெரிவார்கள்.

எழுபதுகளின் கடைசியில் திருப்பத்தூர்ப் புளி வியாபாரி கண்ணாயிரத்திடம் எழுத்து வேலை பார்த்தேன். ஜமுனாமரத்தூருக்கு அப்பால் ஒரு தோப்பை அவர் குத்தகைக்கு எடுத்திருந்தார். உலுக்கித் தருவது அர்ச்சுனனின் ஆட்கள். ஆண்கள் மரமேறிக் கிளையை உலுக்க, பெண்கள் கீழே பழம் பொறுக்குவார்கள். எட்டாத கிளையை இழுக்கும் கொக்கிக் கோலான தொரட்டி மேஸ்திரியின் கையில் மட்டும்தான் இருக்கும். சாமை விளையும்வரை அந்த வீடுகளில் அடுப்பெரிவது புளிக் கூலியில்தான்.

அவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. மேலே இருப்பவரோ கீழே இருப்பவரோ, யார் 'வாணாம்' என்றாலும் எல்லாரும் மரத்தைவிட்டு இறங்கிவிடுவார்கள். ஏன் என்று கேட்பதில்லை. அதனாலேயே அந்தச் சொல்லை வேறு எதற்கும் செலவழிப்பதுமில்லை. கஞ்சி ஊற்றினால் 'போதும்' என்பார்கள். புகையிலையை நீட்டினால் தலையை மட்டும் ஆட்டுவார்கள். ஒருநாள் டீ கொண்டுவந்தவரிடம் கண்ணாயிரம், "சக்கரை வாணாம்பா" என்று சத்தமாகச் சொல்ல, மரத்திலிருந்த அத்தனை பேரும் சரசரவென்று இறங்கி நின்றார்கள்.

பங்குனிக் கடைசி. மேற்கே மேகம் திரண்டிருந்தது. நனைந்த பழம் விலை போகாது. தோப்பிலேயே அதிகம் காய்த்திருந்த மரத்தில் அர்ச்சுனன் பாதி ஏறியிருந்தார். அந்த வருடம்தான் கூட்டத்தில் சேர்ந்திருந்த வடிவு அண்ணாந்து பார்த்தாள்.

"வாணாம்."

அர்ச்சுனன் இறங்கினார். மற்றவர்களும் இறங்கினார்கள்.

"இன்னாய்யா, மழை தலைமேல நிக்குது, நீ கீழ நிக்கறே?" என்று கண்ணாயிரம் கத்தினார்.

"வாணாம்னு சொல்லிச்சிங்க."

"எதுக்காம்?"

வடிவு தலையைக் குனிந்துகொண்டு, "தெரியலீங்க" என்றாள்.

"தெரியாதா! மேஸ்திரி நீயா, இந்தப் பொண்ணா?"

"இப்பத்திக்கு அதுதாங்க" என்றார் அர்ச்சுனன். "மத்த மரமெல்லாம் உலுக்கித் தர்றோம். இது மட்டும் இன்னிக்கி இல்லீங்க."

கண்ணாயிரம் லாரியை அனுப்பி அடிவாரத்து ஆட்களை ஏற்றிவந்தார். அவர்கள் அதே மரத்தில் ஏறி, மழை விழுவதற்குள் உச்சிவரை உலுக்கி முடித்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. மீதித் தோப்பும் அவர்களுக்கே போயிற்று.

திரும்பும் வழியில் கூட்டத்திலேயே நன்றாக மரமேறும் தங்கவேல் வெடித்தான். ஜமுனாமரத்தூர்வரை நானும் கூட நடந்தேன்.

"ஏம்மே, ஒரு குச்சிகூட ஒடியல. உன் வாயால எங்க வூட்டு அடுப்புல பூனை தூங்கப்போவுது!" பிறகு அர்ச்சுனனிடம் திரும்பினான். "மாமா, உனக்குந்தான் சொல்றேன். இனிமே காரணத்தச் சொல்லிட்டு வாணாம் சொல்லட்டும்."

"காரணத்தத் தேடி எடுக்கறதுக்குள்ள நீ கீழ வுழுந்து கெடப்பே."

"இன்னிக்கி வுழலியே!"

"வுழல. அது இன்னா கொறையா உனக்கு?"

மற்றவர்கள் சிரித்தார்கள். தங்கவேல் வழிநெடுக மேஸ்திரியைத் திட்டிக்கொண்டே வந்தான். அர்ச்சுனன் அவனை ஒருமுறைகூட அடக்கவில்லை.

அந்த வருடம் சாமை அறுப்புவரை பல வீடுகளில் ஒருவேளைக் கஞ்சிதான். யாரும் கூட்டத்தைவிட்டுப் போகவில்லை.

சில நாள் கழித்துச் சாலையோர மரங்களில் அவர்களுக்குச் சிறு வேலை கிடைத்தது. அந்தப் பக்கம் போன நான் நின்று பார்த்தேன். வடிவு வாயை இறுக மூடிக்கொண்டு ஒதுங்கி நின்றாள். அடிமரத்தில் கைவைத்த அர்ச்சுனன் ஏறாமல் திரும்பினார்.

"இன்னா வடிவு, ஏறலாமா?"

அவர் காத்திருந்தார். எல்லாரும் காத்திருந்தார்கள். கடைசியில் அவள் மரத்தைச் சுற்றிவந்து, ஒவ்வொரு கிளையாகப் பார்த்தாள்.

"ஏறுங்க மாமா. அந்தத் தெக்குக் கிளை மட்டும் வாணாம்."

தங்கவேல் தலையில் அடித்துக்கொண்டான். ஆனால் தெற்குக் கிளைக்கு அவனும் போகவில்லை. அதிகாரத்துக்குப் பயந்து அடங்கியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வாய் நிறையத் திட்டிக்கொண்டே ஒரு சொல்லைக் காப்பாற்றுபவனை அன்றுதான் பார்த்தேன்.

அடுத்த மாசியில் வேறொரு தோப்பில் அவர்களைக் கண்டேன். அர்ச்சுனனின் உடம்புக்கு ஒன்றுமில்லை, கையும் தளரவில்லை. முதல் மரத்தடியில் மேஸ்திரியின் தொரட்டியைத் தங்கவேலிடம் நீட்டினார்.

"இன்னா மாமா இது?"

"புடி."

ஏன் கொடுத்தாய் என்று கேட்டவர்களிடமெல்லாம் பிற்காலத்திலும் வேறு பேச்சுத்தான் பேசினார். அன்று ஒரு கூடையை எடுத்துக்கொண்டு போய், வடிவுக்குப் பக்கத்தில் பழம் பொறுக்கக் குனிந்தார்.