தறியில் தொங்கிய கிரனேடு கப்

பழைய ராணுவச் சாமான் தேடித் திருத்தணிப் பக்கம் போகலாமா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். தாராளமாகப் போகலாம். நான் 1978 பிப்ரவரியில் போனேன். நேரமும் செலவும் அன்று டைரியில் எழுதி வைத்தபடியே தருகிறேன். ரயில் கட்டணத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடாதீர்கள்.

நான் சேர்ப்பது ஒரே ஒரு வகைச் சாமான். உலகப்போர்க் காலத்தில் துப்பாக்கி முனையில் மாட்டி, கையெறி குண்டைத் தொலைவுக்கு வீசுவதற்கென்று ஓர் இரும்புக் கப் இருந்தது. அதைத்தான். சென்னையில் எங்களுக்கு மூன்று பேர் கொண்ட கோஷ்டி. துப்பாக்கியும் கிடையாது, மருந்தும் கிடையாது. மரக்கட்டையில் கப்பைப் பொருத்தி, சைக்கிள் பம்புக் காற்றில் டென்னிஸ் பந்தைப் பறக்கவிடுவோம். வளர்ந்த ஆள் செய்கிற வேலையா இது என்று என் மனைவி கேட்பாள். இல்லைதான்.

என் கப்பில் ஒரு குறை. கட்டையோடு இறுக்கிப் பிடிக்கும் கவ்வி இல்லை. கடைசிப் போட்டியில் பந்தோடு கப்பும் சேர்ந்து பறந்து பக்கத்து வீட்டுக் கிணற்றில் விழுந்து, பாதாளக் கரண்டி போட்டு எடுத்தோம். எங்கள் விதிப்படி, ஜெயித்தவர் தோற்றவர்களின் சேகரிப்பிலிருந்து பிடித்த ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். அடுத்த ஞாயிறு மறுபடியும் போட்டி. கோஷ்டியில் ஒருவரான சேஷாத்ரிக்கு என் கப்பின் மேல் வெகுநாளாகக் கண். கவ்வி கிடைக்காவிட்டால் கப் போச்சு. அந்த நேரத்தில்தான், திருத்தணியில் கரீம் பாய் என்ற மெக்கானிக்கிடம் கவ்வியோடு ஒரு முழு செட் இருப்பதாக அரக்கோணத்து நண்பர் எழுதினார்.

சென்ட்ரலில் காலை 6.25 பாசஞ்சர். டிக்கெட் மூன்று ரூபாய் இருபது காசு, தூரம் எண்பது கிலோமீட்டர் சொச்சம். 9.10க்குத் திருத்தணி. மலையை அண்ணாந்து பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு நேரே பாய் கடைக்குப் போனேன். ஸ்கூட்டர் ஒன்றின் அடியில் படுத்திருந்தவர் முதலில் கேட்டது, மலைக்குப் போய்விட்டு வந்தீர்களா என்று. இல்லை என்றதும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"ஆங், எங்கிட்டதான் இருந்துச்சு. அம்மையார்குப்பத்துல முனிரத்தினம்னு நம்ம சிநேகிதர், அவருக்குக் குடுத்துட்டேன். தறியில தொங்கிகினு கீது" என்றார்.

அவர் மோட்டார் சைக்கிளிலேயே கிளம்பினோம். இருபது கிலோமீட்டருக்கு மேல், ஐம்பது நிமிடம். பெட்ரோலுக்கு ஐந்து ரூபாய் கொடுத்தேன், வாங்க மறுத்துவிட்டார். ஊருக்குள் நுழையும்போதே தறிச் சத்தம் கேட்டது.

முனிரத்தினம் லுங்கி நெய்துகொண்டிருந்தார். அவர் மனைவி சரோஜா நூல் சுற்றிக்கொண்டிருந்தார். பாவு என்கிற நீளவாட்டு நூல் சுற்றிய உருளையைத் தளரவிடாமல் இழுத்துப் பிடிக்க ஒரு கயிறு, அந்தக் கயிற்றின் நுனியில் எடையாக நான் தேடிவந்த செட், பளபளவென்று கவ்வியோடு. இந்த இடத்தில் நான் செய்ததை எந்தச் சேகரிப்பாளரும் செய்வார். தறி ஓடுகிறது என்பதே மறந்துபோய், அடியில் பொறித்த எண்ணைப் படிக்க அதைக் கையில் தூக்கினேன்.

பாவு தொய்ந்தது. முனிரத்தினத்தின் கை நின்றது.

"இன்னாங்க பண்றீங்க? கைய எடுங்க. கோடு வுழுந்துடுச்சு பாருங்க."

லுங்கியின் குறுக்கே நூலிழை நெருக்கம் கலைந்து விரல் அகலத்துக்கு ஒரு கோடு. நூல் கொடுத்து நெய்யச் சொன்ன முதலாளி இதை எடுத்துக்கொள்ள மாட்டார் என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அந்த லுங்கியை நானே வாங்கிக்கொள்கிறேன் என்றேன். பதினொரு ரூபாய். செட்டைக் கேட்க அதற்கு மேல் வாய் வரவில்லை. பாய்தான் என் சார்பில் கேட்டார். பாவு முடியும்வரை எடை மாறினால் நெசவும் மாறும், அதனால் கழற்ற முடியாது என்று பதில் வந்தது. பாவு முடிய இன்னும் பத்து நாள்.

அப்போது சரோஜாதான், இதை வைத்து அப்படி என்ன செய்வீர்கள் என்று விசாரித்தார். சொன்னேன். சிரித்துச் சிரித்து நூலை அறுத்துக்கொண்டார். செய்து காட்டாமல் விடமாட்டேன் என்றார். கவ்வி பொருந்துகிறதா என்று பார்க்கக் கட்டை, பம்பு, பந்தோடு பையில் கொண்டுபோயிருந்த என் கப்பை எடுத்து, மளிகைக் கடைத் தராசில் செட்டின் எடைக்குச் சரியாக வரும்வரை மணல் நிரப்பித் தறியில் தொங்கவிட்டோம். செட் விடுதலையானது.

அறுவடை முடிந்த கழனியில் கட்டையைப் பொருத்தினேன். கவ்வி கவ்வியது கவ்வியதுதான். பந்து முப்பது அடி போனது. பாய் அடித்தது முப்பத்தைந்து. சரோஜா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பம்பை அழுத்திய அழுத்தில் பந்து வரப்பைத் தாண்டிப் போய்விட்டது. மாலை ரயிலுக்கு நேரமாகிவிட்டது. என் கப் தறியில் மாட்டிக்கொண்டது, அவர்கள் செட்டை மறுபடி கேட்க எனக்கு வாய் வரவில்லை, அது அவர்கள் வீட்டில். வெறும் கட்டையோடு நான்.

"அடுத்த ஞாயித்துக்கெழம உங்க ஆளுங்களையும் இட்டுகினு வாங்க. இங்கயே வெளையாடலாம். தறிகிட்ட மட்டும் யாரும் போவக்கூடாது" என்றார் சரோஜா.

போனோம். இந்த முறை முதலில் மலையேறினோம். படியேறிய சேஷாத்ரிக்குக் கால் நடுங்கியது எனக்கு உள்ளூரச் சந்தோஷம். ஆனால் கழனியில் அவரும் தோற்றார், நானும் தோற்றேன், எல்லாரும் தோற்றோம். சரோஜாவின் பந்து நாற்பத்தெட்டு அடி. விதியைச் சொன்னோம். யாருடைய சாமானிலிருந்தும் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். அவர் யோசிக்கவே இல்லை. தறியில் தொங்கிய என் கப்பைக் கேட்டார்.

"தறிக்கு உங்களுது பழகிடுச்சுங்க. அது இங்கயே இருக்கட்டும். எங்களுத நீங்க எடுத்துகினு போங்க" என்றார்.

நான் அசடு வழிய நின்றேன். சேஷாத்ரி அன்று ரயிலில் வழியெல்லாம் என் பையையே பார்த்துக்கொண்டு வந்தார்.

போக நினைப்பவர்களுக்கு: இத்தகைய சாமானை வாங்குமுன் சட்டப்படி வைத்திருக்கலாமா என்று காவல் நிலையத்தில் கேட்டுவிடுங்கள். உள்ளே எதுவும் அடைத்திருந்தால் தொடாதீர்கள். அதிகாலை ரயிலே நல்லது, வெயிலுக்கு முன் மலையேறிவிடலாம். நெசவாளர் வீட்டில் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். அந்தக் கோடு விழுந்த லுங்கியைக் கட்டிக்கொண்டுதான் பிறகு எல்லாப் போட்டிக்கும் போனேன். நன்றாக உழைத்தது.