மருந்துக்கு அடங்காத ஈஸ்டும் வாய் அடங்காத நானும்

சொட்டு மருந்து ஒழுங்காகப் போடுகிறாரா இல்லையா என்பதை நோயாளியின் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன் என்று நம்பிக்கொண்டிருந்தவள் நான். கண் ஆஸ்பத்திரியில் இருபத்தாறு வருட சர்வீஸ் கொடுத்த கொழுப்பு அது. புதிதாக நர்ஸ் வேலைக்கு வரும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன்.

ராஜகுமாரி தாமல் கிராமத்துப் பள்ளியில் சத்துணவு சமைப்பவர். வலது கண் சின்ன வயதிலேயே போய்விட்டது. இடது கண்ணில் இரண்டு வருடம் முன்பு கருவிழி மாற்றியிருந்தார்கள். அந்தக் கருவிழியில் வெள்ளையாக ஒரு புள்ளி. டாக்டரம்மா சுரண்டி லேபுக்கு அனுப்பினார். ஈஸ்ட் என்று வந்தது. மாவைப் பொங்கவைக்கும் ஈஸ்ட்டுக்குச் சொந்தக்கார பூஞ்சை. மணிக்கு ஒரு தடவை ஃப்ளூகோனசோல் சொட்டு போடச் சொல்லி அனுப்பினோம்.

ஐந்தாம் நாள் கணவரோடு வந்தார். புள்ளி பெரிதாகியிருந்தது. டாக்டரம்மா மறுபடி சுரண்டி, எந்த மருந்து கேட்கும் என்று பார்க்க அனுப்பினார். அந்த ரிப்போர்ட் வரும்வரை எனக்குப் பொறுக்கவில்லை.

"மருந்து போட்டீங்களா, பாட்டிலை அப்படியே வெச்சிருந்தீங்களா?"

"போட்டுக்கினுதான் இருக்கேன் சிஸ்டர்."

"போட்டிருந்தா ஏன் ஆறல? பொய் சொல்லாதீங்கம்மா."

"பொய் சொல்லி எனக்கு என்னா ஆவப்போவுது? இருக்கறதே ஒரு கண்ணு."

வார்டில் சேர்த்தார்கள். ஒழுங்காகப் போட்டால் ஆறும் என்று நிரூபித்துக் காட்ட, என் டியூட்டி முழுக்க நானே மணி பார்த்துப் போட்டேன். மற்ற ஷிஃப்ட் பிள்ளைகளிடம் ஒவ்வொரு சொட்டுக்கும் கையெழுத்து வாங்கினேன். இரண்டு நாளில் புள்ளி இன்னும் பரவியது.

மூன்றாம் நாள் டாக்டரம்மா ரிப்போர்ட்டோடு வந்தார். "சிஸ்டர், இது ஃப்ளூகோனசோலுக்கு ரெசிஸ்டன்ட். யார் போட்டிருந்தாலும் ஆறியிருக்காது. ஆம்போடெரிசினுக்கு மாத்துவோம்."

யார் போட்டிருந்தாலும் என்பதில் நானும் அடக்கம்.

ராஜகுமாரியின் கட்டிலுக்குப் போனேன். "தப்பு என் மேலதாம்மா. மருந்து கேக்காத கிருமி அது. உங்களை அப்படிப் பேசியிருக்கக் கூடாது."

"நீங்க பேசினதுகூட பரவால்ல சிஸ்டர். எங்க வீட்டுக்காரரு அதை நம்பிட்டாரு. சாப்பாடு குடுத்துட்டு மூஞ்சிகூட பார்க்காம போறாரு" என்றார்.

மதியம் சாப்பாட்டுக் கூடையோடு வந்த கணவரை வார்டு வாசலிலேயே நிறுத்திச் சொன்னேன். "உங்க வீட்டம்மா ஒரு வேளைகூட விட்டிருக்க மாட்டாங்க. நான்தான் தெரியாம பேசிட்டேன்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "பெரிய சிஸ்டராச்சே, தெரியாமலா சொல்வீங்கன்னு நெனச்சேன்மா."

இருபத்தாறு வருடத்தில் எனக்குக் கிடைத்த மிக மோசமான பாராட்டு அதுதான். அவர் உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்து, தட்டை எடுத்து மனைவியின் கையில் கொடுத்ததைப் பார்த்த பிறகுதான் நகர்ந்தேன்.

புது மருந்து எரிந்தது. ராஜகுமாரி பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தார். புண் ஆற வாரக்கணக்கானது, தழும்பும் தங்கிவிட்டது. எழுத்து தெரியவில்லை. பிள்ளைகளின் முகம் தெரிகிறது, உலையில் அரிசி தெரிகிறது என்று வேலைக்குத் திரும்பிவிட்டார்.

இப்போதெல்லாம் புண் ஆறவில்லை என்றால் முதலில் லேபுக்குத்தான் போன் செய்கிறேன். ரிப்போர்ட் வரும்வரை நோயாளியிடம் வாயைத் திறப்பதில்லை. மணிக்கொரு சொட்டு போடுவதைவிட இது கஷ்டம். பழகிக்கொண்டிருக்கிறேன்.