மூலை வெட்டிய அட்டை

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அதனால்தான் அக்கா எனக்கு மிளகா என்று பேர் வைத்தார். போர்க்கைதிகள் ஆவண அலுவலகத்தில் நான் டைப்பிஸ்ட். இருபத்தெட்டு வருடம் எதிரெதிர் மேசையில் உட்கார்ந்திருந்தோம். அவர் தேடுவார், நான் அடிப்பேன். உடன்பிறந்தவள் இல்லை என்றாலும், என் சொந்த அக்காவோடு நான் அவ்வளவு நேரம் உட்கார்ந்ததும் இல்லை, அவ்வளவு சண்டை போட்டதும் இல்லை.

மற்றவர்களுக்கு அவர் 'நம்பர் அக்கா'. காரணம் உண்டு. பட்டாளத்தில் சேரும்போது ஒருவனுக்கு ஒரு எண் கொடுப்பார்கள். அவன் பிடிபட்டால் எதிரி வேறொரு எண் கொடுப்பான். முகாமிலிருந்து வரும் எந்தக் காகிதத்திலும் அந்தக் கைதி எண்தான் இருக்கும். வீட்டுக்காரர்களுக்கோ பட்டாள எண்தான் தெரியும். இரண்டையும் சேர்த்து வைப்பதுதான் எங்கள் பிழைப்பு. அக்காவுக்கு ஆயிரக்கணக்கான கைதி எண்கள் மனப்பாடம். "மிளகா, நாலாயிரத்து இருநூத்திப் பதினேழு வந்திருக்கார், நாற்காலி போடு" என்பார். பார்த்தால் வாசலில் ஒரு கிழவர் நிற்பார். நாலாயிரத்து இருநூற்றுப் பதினேழு அவருடைய மகன், செத்து எத்தனையோ காலம் ஆகியிருக்கும். இவ்வளவு ஞாபகம் உள்ள மனுஷிக்கு என் பிறந்தநாள் மட்டும் ஒரு வருடம்கூட ஞாபகம் வந்ததில்லை. கேட்டால், "உனக்கு நம்பர் இல்லையே" என்று சிரிப்பார்.

அவர் இந்த வேலைக்கு வந்தது சம்பளத்துக்காக இல்லை, தம்பிக்காக. அம்மா அப்பா போன பிறகு அக்காதான் அவனை வளர்த்தார். பத்தொன்பது வயதில், யாரிடமும் சொல்லாமல் பட்டாளத்தில் பேர் கொடுத்துவிட்டு வந்து நின்றான். அக்கா வாசற்படியிலேயே கன்னத்தில் ஓங்கி ஒரு அறை விட்டார். மறுநாள் காலை சாப்பிடாமலேயே கிளம்பிப் போனான். நான்கு மாதம் கழித்து, 'காணவில்லை' என்று ஒரு தாள் வந்தது.

"செத்துட்டான்னு வந்திருந்தா அழுதிருப்பேன், காணோம்னு வந்தா என்னத்தப் பண்றது மிளகா? தேடத்தானே வேணும்" என்று ஒருமுறை சொன்னார்.

தேடத்தான் வந்தார். இருந்த வீட்டைக் காலி செய்துவிட்டு, அலுவலகத்துக்குப் பின்தெருவில் ஓர் ஒற்றை அறை எடுத்தார். ஒரு கட்டில், ஒரு அடுப்பு, ஜன்னலோரம் ஒரு மேசை. கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம், "அவன் வரட்டும்" என்றார். போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. நான் சேர்வதற்கு எட்டு வருடம் முன்பே அவர் அங்கே சேர்ந்துவிட்டார். அதனால் அந்த நாட்களைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் வாயால் கேட்டதுதான்.

முதல் வேலையாக அவருக்குக் கொடுத்தது, திரும்பி வந்த தபால் அட்டைகள். முகாமில் இருக்கும் கைதி வீட்டுக்கு ஒரு அட்டை எழுதலாம். விலாசத்தில் ஆள் இல்லை என்றால் தபால்காரர் எங்களிடம் கொண்டுவந்து போடுவார். அவற்றை முகாம் வாரியாகப் பிரித்து, ஐம்பது ஐம்பதாகக் கட்டி, மேலே ஒரு சீட்டில் தேதியும் கையெழுத்தும் போட்டுப் பரணில் ஏற்ற வேண்டும். பிறகு, வீட்டார் கைதி எண்ணோடு வந்து கேட்டால் ஒழிய அந்தக் கட்டைப் பிரிக்கக் கூடாது.

அப்போதிருந்த சூப்பிரண்டு ரொம்பக் கறாரான ஆள். "அடுத்தவங்க கடிதம் அடுத்தவங்க சொத்து. மூலையில இருக்கற நம்பரைத் தவிர வேற எதையும் நீ பார்க்கக் கூடாது" என்றாராம். இருபத்திரண்டு வயது அக்கா அதை வேதமாக எடுத்துக்கொண்டார். கண் தப்பித்தவறி எழுத்துப் பக்கம் போய்விடக் கூடாது என்று, கெட்டி அட்டையில் தபால் அட்டை அளவுக்கு ஒரு துண்டு வெட்டி, அதன் வலது மூலையில் மட்டும் ஒரு சதுரம் எடுத்துவிட்டார். அதை மேலே வைத்தால் எண் மட்டும் தெரியும், மற்றதெல்லாம் மறைந்துவிடும். எண்ணைப் பார்த்து, பக்கத்தில் சின்னதாக ஒரு டிக் போட்டு, அடுத்ததை எடுப்பார். சூப்பிரண்டு பூரித்துப் போய், எல்லா மேசைக்கும் அதே மாதிரி வெட்டிக் கொடுக்கச் சொன்னார். அக்காவுக்குப் பாராட்டுக் கடிதம்கூட உண்டு. நான் சேர்ந்தபோது அந்த மூலை வெட்டிய அட்டையை எனக்கும் ஒன்று கொடுத்தார். நான் அதைத் தேநீர்க் கோப்பைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

பென்சில் கதையும் சொல்லிவிடுகிறேன். போர்க்காலத்தில் அலுவலகத்துக்குப் பச்சைப் பென்சில் மட்டும்தான் வந்ததாம். போர் முடிந்த வாரமே சிவப்பு வந்துவிட்டது. பச்சை எல்லாவற்றையும் எண்ணி வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அக்கா மட்டும் ஒரு துண்டை ஒளித்து வைத்துக்கொண்டார். "இத்தனை வருஷத்துல நான் பண்ணின ஒரே திருட்டு மிளகா" என்று இதை என்னிடம் நூறு தடவை சொல்லியிருப்பார். நூறு தடவையும் நான் பாதி காதில்தான் வாங்கினேன்.

அவர் ஓய்வு பெற ஒரு வருடம் இருக்கும்போது, எதிர்நாட்டுக்காரர்களுக்குத் திடீரென்று மனம் இளகியது. இத்தனை காலம் பூட்டி வைத்திருந்த முகாம் பதிவேடுகளின் நகலைப் பெட்டி பெட்டியாக அனுப்பினார்கள். ஏழாம் முகாமின் பதிவேட்டில், நாற்பத்தோராம் பக்கத்தில், அக்கா தன் தம்பியைக் கண்டுபிடித்தார்.

கத்தவில்லை, அழவில்லை. என்னை அருகில் கூப்பிட்டு விரலால் வரியைக் காட்டினார். பெயர், பட்டாள எண், கைதி எண். காலில் காயம். போரின் கடைசி வருடம், மார்ச் ஒன்பதாம் தேதி, காய்ச்சலில் மரணம். அதற்குப் பிறகு இரண்டு கட்டங்கள். வந்த கடிதம்: இல்லை. அனுப்பிய கடிதம்: ஒன்று.

அக்கா அந்தக் கடைசிக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணு அனுப்பியிருக்கான்" என்றார். "பழைய வீட்டுக்குத்தான் போயிருக்கும். நான் அங்க இல்ல. அப்போ இங்கதான் வந்திருக்கணும். மிளகா, எனக்கு அது வேணும். கோவமாவே செத்தானான்னு தெரியணும்."

ஏழாம் முகாமுக்கு மட்டும் நூற்றுப் பத்துக் கட்டுகள். புது சூப்பிரண்டு, சின்ன வயதுக்காரர், "சொந்த வேலையை ஆபீஸ் நேரத்துல எப்படி மேடம்..." என்று இழுத்தார். வீட்டார் கைதி எண்ணோடு வந்து கேட்டால் தேடித் தரணும் என்பது சட்டம், அக்கா வீட்டார், இதோ எண், நான் தேடுகிறேன், நீங்கள் உங்கள் அறைக்குப் போகலாம் என்றேன். மனிதர் போய்விட்டார்.

அக்கா முதல் கட்டிலிருந்து ஆரம்பித்தார், நான் கடைசியிலிருந்து. தூசியில் இருவருக்கும் தும்மல். ஆறாம் நாள், மதியச் சாப்பாட்டுக்கு அக்கா கை கழுவப் போயிருந்தபோது, எழுபத்திரண்டாம் கட்டில் அது என் கைக்கு வந்தது.

கைதி எண் சரியாக இருந்தது. பென்சிலில், ஒருக்களித்த எழுத்தில் எழுதியிருந்தான்.

'அக்கா, உயிரோட இருக்கேன். கால்ல மட்டும் அடி. நீ அடிச்சது வலிக்கவே இல்ல. சாப்பிடாம வந்ததுதான் தப்பு. ஒரு வரி எழுது. இங்க லெட்டர் வந்தவங்க பேரைச் சத்தமா கூப்பிடறாங்க.'

நான் வாய்விட்டு அழுதேன். அழுதுகொண்டே கட்டின் மேலிருந்த சீட்டைப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. அக்காவின் கையெழுத்து. செப்டம்பர் பதினான்கு. அவன் சாவதற்கு ஆறு மாதம் முன்பு. இந்த அட்டை அவர் மேசைக்கு வந்திருக்கிறது. அவர் கையில் எடுத்திருக்கிறார். அந்தப் பாழாய்ப்போன மூலை வெட்டிய அட்டையை மேலே வைத்து, தனக்குத் தெரியாத ஒரு எண்ணைப் பார்த்து, டிக் போட்டு, கட்டிப் பரணில் ஏற்றியிருக்கிறார். இரண்டு அங்குலம் தள்ளிப் பார்த்திருந்தால் 'அக்கா' என்ற எழுத்து தெரிந்திருக்கும். ஒரு வரி எழுதியிருப்பார். முகாமில் ஒருநாள் அவன் பெயரையும் கூப்பிட்டிருப்பார்கள்.

சீட்டை மடித்து ஜாக்கெட்டுக்குள் சொருகிக்கொண்டேன். நூலையும் கழற்றி எடுத்தேன். அக்கா ஈரக் கையைத் துடைத்தபடி வந்தார். என் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. அட்டையை நீட்டினேன்.

நின்றபடியே படித்தார். 'வலிக்கவே இல்ல' என்ற இடத்தை இரண்டு முறை வாய் அசைத்துப் படித்தார். பிறகு உட்கார்ந்தார். அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். சின்னப் பெண் மாதிரி, மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுதார். நான் அவர் தலையைப் பிடித்து என் வயிற்றோடு சேர்த்துக்கொண்டேன்.

கொஞ்சம் அடங்கியதும் அட்டையைத் திரும்பப் பார்த்தார். கட்டைவிரல் வலது மூலையில் போய் நின்றது.

"இது என் டிக்."

நான் பிரித்த கட்டை அடுக்க ஆரம்பித்தேன்.

"எப்போ கட்டினேன் மிளகா? சீட்டு எங்க?"

"சீட்டு பொடிப்பொடியா போச்சுக்கா. தேதி மட்டும் படிச்சேன். ஆகஸ்ட், போர் முடிஞ்ச பிறகு." என் வாயில் பொய் இவ்வளவு சுலபமாக வரும் என்று எனக்கே தெரியாது. "தபால் எங்கயோ தேங்கிக் கிடந்திருக்கு. இது வந்தப்போ அவன் போய் அஞ்சு மாசம் ஆச்சு. நீங்க படிச்சிருந்தாலும் ஒண்ணும் ஆகியிருக்காது."

அக்கா டிக்கைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"சரி" என்றார். "அப்படின்னா சரி. நீ போய் சாப்பிடு, ஆறிடப் போகுது."

எனக்கு மலையை இறக்கி வைத்தது போல இருந்தது. அன்று மாலை வீட்டுக்குப் போகும்போது, என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். எவ்வளவு பெரிய முட்டாள் நான்!

அதற்குப் பிறகும் எட்டு மாதம் அவர் வேலைக்கு வந்தார். வீட்டார் வந்தால் நாற்காலி போடச் சொன்னார், எண்களைச் சொன்னார். ஒன்று மட்டும் மாறியது. பரணில் இருந்த கட்டுகளை ஒவ்வொன்றாக இறக்கி, அட்டைகளை முழுக்கப் படித்து, வீட்டாரின் இப்போதைய விலாசம் தேடி அனுப்ப ஆரம்பித்தார். சூப்பிரண்டு விதியைக் காட்டினார். "எழுதிக் குடுங்க, ஓய்வு பெற்ற பிறகு பதில் சொல்றேன்" என்றார் அக்கா. எனக்கே கைதட்டத் தோன்றியது. நானூற்றுச் சொச்சம் அட்டைகள் அப்படிப் போய்ச் சேர்ந்தன. ஒவ்வொன்றுக்கும் கூட வைக்கும் கடிதத்தை நான்தான் அடித்தேன்.

கடைசி நாள் பொறுப்பு ஒப்படைத்தார். பீரோ சாவி, ரப்பர் முத்திரை, பதிவேடுகள் என்று எல்லாவற்றுக்கும் என்னிடம் கையெழுத்து வாங்கினார். பிறகு கைப்பையைத் திறந்து, கைக்குட்டையில் சுற்றிய ஒன்றை எடுத்து என் மேசையில் வைத்தார்.

"இதையும் வச்சுக்கோ மிளகா. பட்டியல்ல எழுத வேணாம், திருட்டுப் பொருள்."

என் கன்னத்தை ஒருமுறை தடவிவிட்டுப் போய்விட்டார். படியிறங்கும் சத்தம் நின்ற பிறகுதான் கைக்குட்டையைப் பிரித்தேன். ஒரு அங்குலப் பச்சைப் பென்சில்.

தம்பியின் அட்டையில் இருந்த டிக்கும் பச்சைதான்.