இடது பக்கம் இழுத்த வண்டி

ரெண்டு வருஷத்துக்கு முன்னால், மழைக்காலம் முடிந்த கையோடு, திருவொற்றியூரில் எனக்கு நடந்த கூத்து இது. நானும் என் மனைவியும் இட்லி மாவு அரைத்து விற்கிறவர்கள். வீட்டுக்குப் பின்னால் கிரைண்டர், முன்னால் ஒரு பழைய பிக்கப் வண்டி. அவள் அரைப்பாள். நான் டிரம்மில் ஏற்றிக்கொண்டு மணலி புதுநகர் வரைக்கும் உள்ள மெஸ்ஸுக்கும் டிபன் கடைக்கும் கொண்டுபோய்க் கொடுப்பேன். வண்டி நின்றால் மாவு புளிக்கும். மாவு புளித்தால் அன்றைக்கு எனக்கு வீட்டில் சாப்பாடும் புளித்துத்தான் வரும்.

அந்த வண்டிக்கு ஒரு குணம். இடது பக்கமாக இழுக்கும். வாங்கும்போதே கொஞ்சம் இழுத்தது. கன்டெய்னர் லாரிகள் தோண்டிவைத்த பள்ளத்திலெல்லாம் இறங்கி ஏறி, வருஷா வருஷம் இழுப்பு கூடிக்கொண்டே போனது. ஸ்டியரிங்கில் பிளே வேறு. கால் சுற்று சுற்றினால்தான் சக்கரத்துக்கே சேதி போகும். மாமியார் வீட்டை அனுசரிப்பது மாதிரி அதையும் அனுசரித்து ஓட்டிக்கொண்டிருந்தேன்.

அந்த மழைக்காலக் கடைசியில் ஒரு பள்ளத்தில் தொம்மென்று இறங்கினேன். ஒரு டிரம் அப்படியே சாய்ந்து, பின்னால் பைக்கில் வந்தவர் தலையிலிருந்து செருப்பு வரைக்கும் மாவு. பாவம், தோசைக்கல் மட்டும்தான் பாக்கி. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி அன்றைக்கே தீர்ப்பு சொல்லிவிட்டாள்.

“ஒண்ணு இத்த ரெடி பண்ணு. இல்ல, வித்துடு. உயிர கையில புடிச்சிகினு என்னால இதுல வர முடியாது.”

விற்றால் தொழிலுக்குக் கால் போன மாதிரி. இன்னொரு வண்டி வாங்கும் நிலைமையில் நாங்கள் இல்லை. கொருக்குப்பேட்டை ரயில்வே லைன் ஓரமாக ஷெட் வைத்திருக்கும் மெக்கானிக் பாயிடம் விட்டேன். ரொம்ப நாள் பழக்கம். அவர் வீட்டு நோன்புக் கஞ்சி எனக்கு வரும், என் வீட்டு மாவு அவருக்குப் போகும்.

பாய் முன்பக்கத்தை மொத்தமாக அவிழ்த்துப் போட்டார். கமான் பட்டை, ஷாக் அப்சார்பர், டை ராடு, கிங் பின், புஷ் என்று தரையில் பரப்பியதைப் பார்த்தபோது, மிச்சம் இருந்ததை வண்டி என்று சொல்லவே கூச்சமாக இருந்தது. தேய்ந்துபோன கிங் பின்னை, அதாவது சக்கரம் திரும்புகிற ஆணியை, என் கையில் கொடுத்தார்.

“சப்பிப் போட்ட முருங்கக்கா மாரி கீது பாரு. இத்த வச்சிகினு எப்டி நைனா நேரா ஓட்டிகினு இருந்த?”

“கை பழகிடுச்சு பாய்” என்றேன் பெருமையாக. நோய் என்னவென்று அன்றைக்கு என் வாயாலேயே சொல்லியிருக்கிறேன். எனக்குத்தான் காது கேட்கவில்லை.

எல்லாம் புதுசு போட்டு, ஸ்டியரிங் பெட்டியைப் பிரித்து மாட்டி, சக்கர அலைன்மென்ட்டும் பார்த்து, சாவியைக் கொடுத்தார். “இனிமே கைய வுட்டாலும் நேராப் போவும்.” முன்சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்துக் கிளப்பினேன். இடது பக்கத்துப் பழம் நசுங்கியது. வலது பக்கத்தது நசுங்காமல் உருண்டு சாக்கடையில் குதித்துவிட்டது. அதற்கு முன்கூட்டியே தெரிந்திருக்கிறது.

எண்ணூர் நெடுஞ்சாலையில் ஏறிக் கொஞ்ச தூரம்கூடப் போயிருக்க மாட்டேன். வண்டி தானாக வலது பக்கம் போகிறது. எதிரே ஒரு டிரெய்லர், தலைமேல் ஒரு முழுக் கன்டெய்னரோடு. ஸ்டியரிங்கைத் திருப்பினேன், பிரேக்கில் ஏறி நின்றேன். ஆபத்தில் சாமி பேர் வாயில் வரும் என்பார்கள். எனக்கு “மாவு, மாவு” என்றுதான் வந்தது. வண்டியில் அன்றைக்கு மாவே இல்லை.

டிரெய்லர் ஓட்டுநர் பொறுமையாக எட்டிப் பார்த்தார். “இன்னா மாமு, வூட்ல சொல்லிகினு வந்தியா?”

ஊர்ந்துகொண்டே ஷெட்டுக்குத் திரும்பினேன். “பாய், இடது பக்க இழுப்பக் கழட்டி வலது பக்கம் மாட்டிட்டியா?” ஷெட்டில் இருந்த அத்தனை பேர் முன்னாலும் கேட்டுவிட்டேன். பாய் முகம் சுருங்கியது. வண்டியை எடுத்து ஒரு சுற்றுப் போய் வந்தார். நேராகத்தான் போகிறது என்றார். நான் ஓட்ட, அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். ஜன்னல் வழியாகத் தலையை வெளியே நீட்டி, சக்கரத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். வண்டி வலது பக்கம் போனது. அவர் ஓட்டினால் நேர், நான் ஓட்டினால் வலது. ரெண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம்.

மறுபடி எல்லாவற்றையும் கழற்றினார், மாட்டினார். டயரை இடம் மாற்றினார். அப்படியேதான் இருந்தது. என் மச்சான், கண் பட்டிருக்கிறது என்றான். டீக்கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்து, “வண்டி மேல தப்பு இல்லண்ணே, நீங்க ஒக்கார்ற பக்கம் அமுங்குது” என்றார். அந்தப் பேச்சை நம்பி ராத்திரிச் சாப்பாட்டை விட்டேன். பாயும் அதை நம்பி, எனக்குச் சமமாக இருக்கட்டும் என்று இடது சீட்டில் ஒரு மணல் மூட்டையை வைத்துப் பார்த்தார். மூட்டையும் நானும் ஜோடியாக வலது பக்கம் போனோம்.

கடைசியில் பாய் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார். “எனக்கே என் வேல மேல நம்பிக்க போவுது நைனா. இதுல உன்ன அனுப்பிட்டு நான் தூங்க முடியாது. வித்துடு.” எம்.கே.பி. நகரில் பழைய வண்டி வாங்குகிற ஒருவரிடம் அவரே பேசியும் விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியைக் கொண்டுபோகக் கிளம்பினேன். கடைசிப் பயணம் என்று சொன்னதும் மனைவிக்கு மனசு கேட்கவில்லை போல. மணல் மூட்டையை இறக்கிவிட்டு அந்த இடத்தில் அவள் ஏறி உட்கார்ந்தாள். லாரிகள் இல்லாத ரோடு. வண்டி பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. அதனால் அவள் சக்கரத்தைப் பார்க்கவில்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து தப்பு எங்கே என்று தேட வழக்கமாகப் பார்க்கும் இடத்தைப் பார்த்தாள். என்னை.

“யோவ், இன்னாத்துக்குக் கைய அங்க தொங்க வுட்டுகினு வர?”

“எங்க?”

“அதோ. பொட்டிக்கடையில வாழத்தாரு தொங்குற மாரி.”

குனிந்து பார்த்தேன். வலது முழங்கை ஜன்னலில். வலது கை ஸ்டியரிங்கின் வலது ஓரத்தைப் பிடித்து, தன் முழுக் கனத்தோடு தொங்கிக்கொண்டிருந்தது. யாரோ ஒருத்தர் கையைப் பார்ப்பது மாதிரி இருந்தது.

“எடு கைய.”

“எடுத்தா ரெண்டு பேரும் காலி.”

“எட்றா சொல்றேன்.”

அவள் ‘டா’ போட்டால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது. ரெண்டு கையையும் தூக்கினேன். சரணடைந்தவன் மாதிரி உட்கார்ந்திருந்தேன். வண்டி நூல் பிடித்த மாதிரி நேராகப் போனது. பழையபடி கையைத் தொங்கவிட்டேன், வலது பக்கம் திரும்பியது. எடுத்தேன், நேர். ஓரம் கட்டி நிறுத்திவிட்டேன். சந்தோஷமா அவமானமா என்று எனக்கே புரியவில்லை.

இத்தனை வருஷமும் வண்டி இடது பக்கம் இழுக்க, நான் வலது பக்கம் தொங்கித்தான் அதை நேராக ஓட்டியிருக்கிறேன். வண்டியின் கோணலை பாய் எடுத்துவிட்டார். என் கோணல் அப்படியே இருந்தது. போட்டோ ஸ்டூடியோக்காரர் ஒவ்வொரு தடவையும், “தலைய கொஞ்சம் நேரா வைங்க சார்” என்று ஏன் என் தாடையைப் பிடித்துத் திருப்புகிறார் என்பதும் அப்போதுதான் விளங்கியது.

எம்.கே.பி. நகருக்குப் போன் பண்ணி வரவில்லை என்று சொல்லிவிட்டு, நேரே ஷெட்டுக்குப் போனோம். மன்னிப்புக் கேட்க வாய் திறப்பதற்குள் மனைவியே எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டாள், வாழைத்தார் உட்பட. பாய் அந்த ஒரு வாரத்தில் முதல் தடவையாகச் சிரித்தார்.

“முன்பக்கம் அல்லாத்தையும் மாத்திட்டேன் நைனா. சீட்டு மேல ஒரு பழைய சாமான் இருந்திச்சி, அத்த மறந்துட்டேன்.”

என் கை நேராவதற்கு ரொம்ப நாள் ஆனது. அதுவரைக்கும் மனைவி பக்கத்திலேயே வந்து, கை தொங்கும்போதெல்லாம் ஒரு தட்டு தட்டினாள். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வர முடியாது என்றவள், கடைசியில் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். இப்போதும் ஏதாவது ஒன்று கோணலாகப் போகிறது என்று யார் மேலாவது பாய வாயைத் திறப்பதற்கு முன்னால், என் வலது கை எங்கே இருக்கிறது என்று ஒரு தடவை குனிந்து பார்த்துக்கொள்கிறேன். பாதி நாள் அது அங்கேதான் தொங்கிக்கொண்டிருக்கிறது.