மந்திரி கடித்த கதவு நிலை

இருபத்திரண்டு வருஷமாக ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள் அவள். புருஷன் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே மகள். அவளும் மேல்படிப்புக்கு வெளியூர் கிளம்பியபோது, ஆசையாக வளர்த்த முயலை அம்மா தலையில் கட்டிவிட்டுப் போனாள்.

முயலின் பெயர் மந்திரி. ஒரு வேலையும் செய்யாமல் வேளாவேளைக்குச் சாப்பிட்டுவிட்டு, யார் வந்தாலும் மூக்கை மட்டும் அசைத்துக் காட்டுவதால் மகள் வைத்த பெயர் அது. முதல் வாரம் அம்மாவுக்கு அதைக் கண்டாலே ஆகவில்லை. ஆனால் வேலை முடிந்து ஆளில்லாத வீட்டைத் திறக்கும்போது குடுகுடுவென்று ஓடிவந்து காலைச் சுற்றுகிற ஜீவனை எத்தனை நாள்தான் முறைத்துக்கொண்டிருக்க முடியும்? மூன்றாவது மாதம் கூண்டை மடித்துப் பரண்மேல் போட்டுவிட்டாள்.

வினை அங்கேதான் ஆரம்பித்தது. முயலுக்குப் பல் வளர்ந்துகொண்டே இருக்கும், எதையாவது கொறித்துத்தான் அதைத் தேய்த்துக்கொள்ளும். தினம் நாலு பேர் பல்லைப் படம் பிடிக்கிறவளுக்கே இது தெரியாமல் போயிற்று.

ஒரு விடுமுறை நாளில் படுக்கையறையைப் பெருக்கும்போது அழுக்குத்துணிக் கூடையை நகர்த்தினாள். கதவு நிலையின் அடிப்பக்கம் ஒரு சாண் உயரத்துக்கு மரம் பல்பல்லாகக் கொறிக்கப்பட்டிருந்தது. பதறிப்போய்க் கதவைச் சாத்தி மறுபக்கம் பார்த்தாள். அங்கேயும் அடிமரம் உதிர்ந்து கிடந்தது. மந்திரி கட்டிலுக்கடியில் உட்கார்ந்து மூக்கை அசைத்தது.

வீட்டுக்காரர் பூட்டுக்கடை வைத்திருக்கிறவர். மகா கறார். அவள் குடிவந்த அன்றே ஒவ்வொரு அறையையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்ட ஆள். சுவரில் ஆணி அடித்ததற்காக முன்பிருந்த குடித்தனக்காரரைக் காய்ச்சி எடுத்தாராம். அடுத்த வாரம் குழாய் பார்க்க வருவதாக வேறு சொல்லியிருந்தார்.

"ஒரு ஷூ ஸ்டாண்டை வாங்கி முன்னாடி வச்சிடுங்கக்கா. காலி பண்ணும்போது பாத்துக்கலாம்," என்றாள் ஸ்கேன் பிரிவில் வேலை பார்க்கும் தோழி.

"மரத்துல ஓட்டை அடைக்கிற பேஸ்ட் பூசி பெயின்ட் அடிச்சிடும்மா. யாருக்குத் தெரியப்போகுது?" என்றாள் மகள் போனில்.

மகள் சொன்னபடியே செய்து பார்த்தாள். பூசியதும் நிலை மாவுக்கட்டுப் போட்ட கால் மாதிரி வீங்கி நின்றது. மேலே அடித்த பெயின்டோ மரத்தின் நிறத்துக்குச் சம்பந்தமே இல்லை. அவள் பிரஷ்ஷைக் கழுவிவிட்டுத் திரும்புவதற்குள் மந்திரி ஈரப் பெயின்ட்டுக்குப் பக்கத்தில் போய் முகர்ந்துகொண்டிருந்தது. பாய்ந்து தூக்கினாள். தன் பொய்யைத் தின்று இது சாக வேண்டுமா என்று தோன்றிய நிமிஷமே, போதுமடா சாமி என்றாகிவிட்டது. பூசியதை எல்லாம் கரண்டியால் சுரண்டி எடுத்தாள்.

பிறகு பக்கத்தில் ஸ்கேலை நிறுத்திப் படம் எடுத்தாள். நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. எலும்பானாலும் மரமானாலும் இரண்டு கோணம் வேண்டும். "சார், நான் முயல் வளர்க்கிறேன். உங்களிடம் கேட்காதது என் தப்பு. நிலையைக் கடித்துவிட்டது. சரி செய்து தருகிறேன்," என்று எழுதி அனுப்பினாள்.

"காலையில் வருகிறேன்" என்று மட்டும் பதில் வந்தது.

வந்தவர் கொடுத்த தண்ணீரைக்கூடத் தொடவில்லை. "என்னம்மா இது, வீடா காடா?"

"தப்புதான் சார். தச்சர்கிட்ட பேசிட்டேன். ரெண்டு பக்கமும் அடிமரத்தை மட்டும் அறுத்துட்டு, அதே மரத்துல ஒட்டுப் போடலாம்னு சொன்னார். என் செலவு."

"பத்திரத்துல என்ன எழுதியிருக்கு?"

"நாய், பூனை கூடாதுன்னு இருக்கு. முயலைப் பத்தி இல்லையேன்னு நானா சமாதானம் பண்ணிக்கிட்டேன்."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "இனிமே யானை வரைக்கும் எழுதணும் போல." சிரிக்கவில்லை, ஆனால் குரல் ஒரு படி இறங்கியிருந்தது.

முழங்காலை ஊன்றி உட்கார்ந்து வலப்பக்கத்தைத் தடவிப் பார்த்தார். இடப்பக்கம் வந்து சாவிக்கொத்தில் ஒரு சாவியால் மரத்தைக் குத்தினார். சாவி வெண்ணெயில் இறங்குவதுபோல் உள்ளே போயிற்று. மண்ணாக உதிர்ந்தது. இன்னும் இரண்டு இடத்தில் குத்திப் பார்த்தார். வாயைத் திறக்காமல் எழுந்து போயிருந்தால் அவளுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது.

"இந்தப் பக்கம் உங்க முயல் வேலை இல்லம்மா. மேலாக ரெண்டு பல்லுதான் பட்டிருக்கு. உள்ளே பூரா கரையான். இது என் பொறுப்பு."

"நான் ரெண்டுமே என் தலைமேலதான்னு..."

"நீங்க படம் அனுப்பலேன்னா, கதவு பேந்து விழுந்த அன்னிக்குத்தான் நான் பாத்திருப்பேன்," என்று சொல்லிவிட்டு டம்ளரை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார்.

அந்தத் தைரியத்தில், ஒரு வருஷமாகச் சொல்லத் தயங்கியதையும் அவள் சொல்லிவிட்டாள். சமையலறை ஜன்னலில் கொக்கி இல்லை, கயிறு போட்டுத்தான் கட்டி வைக்கிறேன் என்று. பூட்டுக்கடைக்காரர் முகம் சுருங்கிப் போயிற்று. "வெளியில சொல்லிடாதீங்கம்மா," என்றவர், மத்தியானமே புதுக் கொக்கியோடு வந்து நின்றார்.

கரையானுக்கு மருந்தடித்து முடியும்வரை மந்திரி தோழி வீட்டில் விருந்தாளியாக இருந்தது. தச்சர் இரண்டு பக்கமும் ஒட்டுப் போட்டுத் தகடு அடித்தார். கூண்டு பரணிலிருந்து இறங்கியது. அவள் வேலைக்குப் போகிற நேரமெல்லாம் மந்திரிக்கு அதில்தான் வாசம். பத்திரம் புதுப்பிக்கிற நாளில் வீட்டுக்காரர் தன் கையாலேயே ஒரு வரி சேர்த்தார்: "முயல் ஒன்று மட்டும், அனுமதியுடன்."

மகள் போனில் பயந்துகொண்டே கேட்டாள், "காலி பண்ணச் சொல்லிட்டாராம்மா?"

"இன்னும் ரெண்டு வருஷத்துக்கு இங்கதான்டி. லீவுக்கு நேரா இங்கயே வா," என்றாள் அவள். தச்சர் இழைத்துக் கொடுத்துவிட்டுப் போன மிச்ச மரத்துண்டை மந்திரி மும்முரமாகக் கொறித்துக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் மகளுக்கும் கேட்கட்டும் என்று போனைக் கீழே இறக்கிப் பிடித்தாள்.