பங்களாப் பாதையில் மணல் தள்ளியது

"1953 ஆடி. டிராக்டர் ஓடவில்லை. காரணம்: பலத்த காற்று." உப்பளத்து அலுவலகத்தின் வண்டிக் குறிப்பில் அந்த நாளுக்கு இவ்வளவுதான் இருக்கிறது. என் நகலில் மட்டும் ஓரத்தில் கொல்லம் ஆண்டு 1128 என்று சேர்த்துக்கொண்டேன். எழுதியவர் எங்கள் ஓவர்சியர். காற்று பலமாகத்தான் இருந்தது. ஆனால் வண்டி நின்றது அதனால் அல்ல. இப்போது பிளேடு மாட்டி வண்டி ஓட்டுகிறவர்களுக்கு உதவும் என்பதால் நடந்ததை எழுதி வைக்கிறேன்.

1. ரிவர்ஸ்

சுசீந்திரம் பக்கம் வயல் உழுதுகொண்டிருந்த என்னை உப்பளத்துக்குக் கூப்பிட்டதற்குக் காரணம், அந்தச் சின்ன டிராக்டரை ஓட்ட வேறு ஆள் கிடைக்காததுதான். பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, எஞ்சின் சூடானபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றும் வண்டி. பின்னால் ஹைட்ராலிக் லிப்ட். அதிலிருந்து கலப்பையைக் கழற்றிவிட்டு இரும்பு பிளேடு ஒன்றை மாட்டியிருந்தார்கள்.

பெரிய ரோட்டிலிருந்து மானேஜர் பங்களாவுக்குப் போகும் பாதையை ஆடிக் காற்று ஆண்டுதோறும் மணலால் மூடிவிடும். முந்திய வருடம் வரை கடற்கரை ஊர் ஆட்கள் மண்வெட்டியும் ஓலைக் கடவப்பெட்டியுமாக நின்று அள்ளினார்கள். வண்டி வந்ததும் அவர்கள் வேண்டாம் என்றாகிவிட்டது.

எனக்குச் சேறு தெரியும், மணல் தெரியாது. சேற்றில் சக்கரம் புதைந்தால் எஞ்சின் முனகும், யோசிக்க நேரம் கிடைக்கும். மணலில் சத்தமே இல்லாமல் ஒரு பக்கம் இறங்கிவிடும். டயரில் காற்றைக் குறைத்து, ரிவர்ஸில் போய் பிளேடால் தள்ள வேண்டும். நாள் முழுக்கக் கழுத்து பின்னால் திரும்பியே இருக்கும். மேற்கே தள்ளினால் காற்று திரும்பவும் பாதையிலேயே கொண்டுவந்து போடும். ஆகவே கிழக்குப் பள்ளத்தில்தான் தள்ளினேன். பள்ளத்தின் விளிம்பு எது, வெறும் மணல் எது என்று கண்ணுக்குப் பிரியாது. வண்டி பின்பக்கமாகப் புரண்டு என்னை அடியில் போட்டுவிடும் என்ற பயம் விடவே இல்லை.

"என்னவே, மாட்டு வண்டியா ஓட்டுதீரு? நல்லா அமுக்கித் தள்ளும். சாயங்காலம் மானேஜருக்க காரு வரணும்" என்றார் ஓவர்சியர். அவர் நாகர்கோவில்காரர்.

"அண்ணாச்சி மறிஞ்சாலும் காரு வரும் சார், டாக்டருக்க காரு" என்றான் ஞானமுத்து. வண்டிக்குக் கிளீனர் அவன். அவனும் உள்ளூர் இல்லை.

"வாய மூடுலே சவமே."

2. துவர்த்து

இரண்டு நாளில் ரோட்டுப் பக்கத்துப் பாதி முடிந்தது. மூன்றாம் நாள் பங்களாப் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தேன். ஞானமுத்து தலையில் சிவப்புக் கரை போட்ட துவர்த்துத் துண்டு ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்தான்.

"ஏது மக்கா, பொண்ணு பாக்கப் போறியா?"

"கிடச்சுது அண்ணாச்சி. ஒரு பனமட்டையில கெட்டி, மணலுல சாஞ்சு கிடந்துது. காத்து கொண்டாந்து போட்டிருக்கு."

நானும் சிரித்துவிட்டு அடுத்த தள்ளலுக்குப் போனேன். பள்ளத்தின் விளிம்பில் மணலைக் கொட்டி பிளேடைத் தூக்கும்போது, கஞ்சிக் கலயத்தோடு ஒரு பெண் ஓடி வருவது தெரிந்தது. அவள் கத்தியது எஞ்சின் சத்தத்தில் கேட்கவில்லை. நேராக வந்து ஞானமுத்துவின் தலையிலிருந்து துவர்த்தைப் பறித்தாள். நான் ஆக்சிலேட்டரைக் குறைத்தேன்.

"இது எங்க வீட்டுக்காரருக்க தொவர்த்தாக்கும். எங்கேருந்துலே எடுத்த?"

"கீழ கிடந்துதுக்கா."

"கீழன்னா எங்க? எடத்தக் காட்டுலே!"

அவன் கையை நீட்டினான். அவன் காட்டிய இடத்தில் நான் தள்ளிய மணல் மட்டும் வழவழவென்று கிடந்தது.

"ஐயோ, ஆளு குழிக்குள்ள இருக்காரே!"

அந்தப் பள்ளத்தில்தான் ஊருக்கு நல்ல தண்ணீர். ஆள் ஆழத்துக்கு மணலைத் தோண்டி, சுற்றிலும் பனந்தடி நிறுத்திய ஊற்றுக்குழிகள். ஆடியில் அவை தூர்ந்துகொண்டே இருக்கும். ஒருவர் உள்ளே இறங்கி மணலை வாருவார். மேலிருந்து மணல் விழாமல் வாயை ஓலைத் தடுக்கால் மூடிவிட்டு, பக்கத்தில் பனமட்டையை நட்டு அவருடைய துவர்த்தைக் கட்டிவிடுவார்கள். துவர்த்து நின்றால் உள்ளே ஆள் இருக்கிறது என்று பொருள். மண்வெட்டி பிடித்த பழைய ஆட்கள் எல்லோருக்கும் இது தெரியும். எங்கள் மூன்று பேருக்கும் தெரியாது.

செல்லத்தாய் என்பது அவள் பெயர். கணவன் பொன்னையாவைக் குழிக்குள் விட்டுவிட்டுக் கஞ்சி எடுக்க வீட்டுக்குப் போயிருக்கிறாள்.

"வண்டிய முன்னால எடும்வே!" என்று ஓவர்சியர் கத்தினார்.

"அனக்கப்பட்டாது! குலுங்கினா குழி இடிஞ்சிரும்!" என்று அவள் அதற்கு மேல் கத்தினாள்.

நான் எஞ்சினை நிறுத்தினேன். காற்றின் சத்தம் மட்டும் இருந்தது.

பொன்னையாவின் இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனை ஒரு பனையின் அடிமூட்டில் கட்டியிருந்தது. செல்லத்தாய் அதைப் பிடித்து இழுத்தாள். அசையவில்லை. கயிறு போகும் வழியே மணலைக் கையால் விலக்கிக்கொண்டு முட்டுக்காலில் நகர்ந்தாள். அவள் வந்து நின்ற இடம் என் பிளேடுக்கு நேர் கீழே.

அப்போதுதான் எனக்கு லிப்டின் நினைவு வந்தது. எங்கள் லிப்டில் ஆயில் கசிவு உண்டு. எஞ்சின் நின்றால் தூக்கி வைத்த பிளேடு தானாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். திரும்பிப் பார்த்தேன். இறங்கிக்கொண்டிருந்தது. அவள் குனிந்த முதுகுக்கும் பிளேடுக்கும் ஒரு முழம்கூட இல்லை. எஞ்சினைத் திரும்ப ஓட்டினால் குழி இடியும். ஓட்டாவிட்டால் பிளேடு அவள் மேல் உட்காரும். சீட்டிலிருந்து குதித்து, கிடந்த பனந்தடி ஒன்றை பிளேடுக்கு அடியில் செருகினேன். அதன் அடிமுனை மணலில் புதைந்தது. ஞானமுத்து தன் தோளையும் கொடுத்தான். நானும் கொடுத்தேன். கடைசியில் ஓவர்சியர் தொப்பியை எறிந்துவிட்டு ஓடிப் போய்க் கருவிப்பெட்டியிலிருந்து சங்கிலியைக் கொண்டுவந்து பிளேடை வண்டியோடு சேர்த்து மாட்டினார்.

தடுக்கின் ஒரு மூலை தெரிந்தது. ஒடிந்து, கூரை மாதிரி சரிந்து நின்றது. அதன் அடியில் பொன்னையாவின் தலை. மார்பு வரை மணல். மூச்சு இருந்தது. நாலு பேரும் கையாலேயே தோண்டி எடுத்தோம்.

தண்ணீர் குடித்தபின் அவர் சொன்னார்: "வெளிச்சம் போச்சு. சரி, இவ தடுக்க நல்லா மூடிட்டா போலன்னு நெனச்சேன். பெறவு தடுக்கு தலையில வந்து இருந்துது."

செல்லத்தாய் அவருடைய காதிலிருந்து மணலைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்தபடியே என்னைப் பார்த்துச் சொன்னாள்: "நேத்தும் முந்தாநாளும் ரோட்டுப் பக்கம் தள்ளினியளே அண்ணாச்சி. அங்கயும் ஊத்து உண்டும்."

3. சாமுவேல்

ஓவர்சியர் வீடு வீடாகப் போய் ஆள் யாராவது குறைகிறார்களா என்று கேட்டார். ஊர்க்காரர்கள் எல்லோரும் இருந்தார்கள். குழித்துறைப் பக்கமிருந்து ஆடிதோறும் கூலிக்கு ஊற்று வார வரும் சாமுவேல் மட்டும் இல்லை. அவர் தனியாக இறங்குகிறவர். கயிறு கட்டுவதில்லை. முந்திய நாள் காலையில் ஒரு வீட்டில் பழையது சாப்பிட்டிருக்கிறார். அதற்குப் பிறகு பார்த்தவர் இல்லை. "அவரு மேக்க போற பஸ்ஸுல ஏறினத நான் கண்டேன்" என்று ஒருவர் சொன்னார். அது எந்த நாள் என்று கேட்டால் அவருக்கே நிச்சயம் இல்லை.

மண்வெட்டி ஆட்களைத் திரும்ப அழைத்து ரோட்டுப் பக்கம் தோண்டினோம். இரண்டு குழிகள் அகப்பட்டன. இரண்டும் காலி. தோண்டத் தோண்டக் காற்று மணலை நிரப்பியது. மேற்கொண்டு தோண்ட வேண்டாம் என்று மேலிடத்திலிருந்து சொல் வந்தது.

அதன் பிறகு நான் கடைப்பிடித்தவை: உள்ளூர் ஆள் ஒருவர் முன்னால் நடந்து காட்டாத இடத்தில் பிளேடை இறக்கியதில்லை. லிப்டை நம்பி யாரையும் அதன் கீழ் விட்டதில்லை; சங்கிலி மாட்டிய பிறகே எஞ்சினை நிறுத்துவேன். நிற்கிற குச்சியோ கிடக்கிற துணியோ, யார் வைத்தது என்று கேட்காமல் தொடவிட்டதில்லை.

குழித்துறைச் சந்தைக்குப் போய் விசாரித்தேன். "எந்த சாமுவேல்? இந்தச் சந்தையிலயே மூணு சாமுவேல் உண்டும்" என்றார் ஒரு கடைக்காரர். கிணறு வாருகிறவர் என்றேன். அவர் மலையில் எஸ்டேட் வேலைக்குப் போனதாக இன்னொருவர் சொன்னார். நேரில் கண்டாரா என்றால் இல்லை, கேள்விப்பட்டதுதான் என்றார். எஸ்டேட்டின் பெயர் அவருக்குத் தெரியவில்லை. அடுத்த ஆடிக்கு ஊற்று வார அந்த ஊருக்கு வேறு ஆள் வந்தார். சாமுவேல் அன்று பஸ் ஏறினாரா என்பதை என்னால் இதுவரை உறுதிப்படுத்த முடியவில்லை.